நினைவு மங்கும் வயதில் ஹிரோஷிமா வரைந்த படங்கள்

ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர்தப்பியவர்களில் எத்தனை பேர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள் என்ற கணக்கை ஜப்பான் அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2025 மார்ச் இறுதியில் அந்த எண்ணிக்கை 99,130. ஒரு காலத்தில் 3,72,000-ஐத் தாண்டியிருந்த கணக்கு, ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது அதுவே முதல்முறை. அவர்களுடைய சராசரி வயது 86.13.

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகைகள் எண்ணிக்கையைத்தான் தலைப்பில் போடுகின்றன. என்னை உலுக்குவது அந்தச் சராசரி வயது. 2025-ல் 86 என்றால் 1945-ல் ஆறு. ஹிபாகுஷா என்று ஜப்பானியர் அழைக்கும் இந்த மனிதர்களில் பெரும்பாலானோர் அன்று சிறு பிள்ளைகள். தாயின் வயிற்றில் இருந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. குண்டு விழுந்து இரண்டு வாரத்துக்குள் உறவினரைத் தேடி நகரத்துக்குள் நுழைந்தவர்களும் உண்டு. அன்று முப்பது வயதில் இருந்து, தெருப்பெயர் முதல் கடைப்பலகை வரை அறிந்து நடந்தவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். இன்று உலகத்தின் முன் சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பது ஒரு குழந்தையின் நினைவு. அதுவும் எண்பது ஆண்டுகள் ஒரு மனித உடலுக்குள் சுமந்து வரப்பட்ட நினைவு.

குழந்தையின் நினைவுக்கென்று ஒரு தன்மை இருக்கிறது. மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. ஐந்தாறு வயதில் தங்குபவையும் தொடர்கதையாகத் தங்குவதில்லை. துண்டு துண்டான காட்சிகளாக நிற்கின்றன. பயத்தில் பதிந்த காட்சி என்றால் அதன் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் வெறுமையாகவும் இருக்கும் என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி, அந்த நொடியில் எது உயிருக்கு முக்கியமோ அதை அழுத்திப் பதியவைக்கிறது. அம்மாவின் கை நினைவிருக்கும். எந்தத் தெரு என்பது நினைவிருக்காது. ஒரு கால் செருப்பு நினைவிருக்கும். அன்று மாலை எங்கே தூங்கினோம் என்பது இருக்காது.

இப்படிப்பட்ட நினைவைச் சொல்லாக மாற்றுவது கடினம். சொல்லுக்கு முன்னும் பின்னும் வேண்டும், காரணம் வேண்டும், வரிசை வேண்டும். படத்துக்கு அவை வேண்டியதில்லை. நடுவில் இருப்பதை வரைந்துவிட்டு ஓரத்தை வெள்ளைத்தாளாகவே விட்டுவிடலாம். ஹிரோஷிமாவில் உயிர்பிழைத்தவர்கள் முதுமையில் ஏன் படம் வரையத் தொடங்கினார்கள் என்பதற்கு முதல் காரணமாக நான் பார்ப்பது இதைத்தான்.

இரண்டாவது காரணம் வரலாறு சார்ந்தது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்குக் குண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இத்தனை பெரிய பேரழிவு நடந்த அன்று, நகருக்குள் இருந்த மனிதர்களின் நிலையைக் காட்டும் புகைப்படங்கள் மிகச் சிலவே. யோஷிதோ மட்சுஷிகே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த ஐந்து படங்கள்தான் எல்லோருக்கும் தெரிந்தவை. வெடிப்பு மையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், மியுகி பாலத்தருகே கேமராவோடு நின்றவர், எரிந்த தோலோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து நெடுநேரம் பொத்தானை அழுத்த முடியாமல் நின்றதாகப் பின்னாளில் சொன்னார். அழுத்தியபோது கண்ணீரில் காட்சி மங்கித் தெரிந்ததாம். மையத்துக்கு நெருங்கிய பகுதிகளில் அன்று நடந்ததற்கு அதுபோன்ற படங்கூடக் கிடையாது. பிறகு வந்த அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் செய்தித் தணிக்கையைக் கொண்டுவந்தது. உயிர்பிழைத்தவர்களுக்கான மருத்துவச் சட்டம் வந்ததே 1957-ல்தான். நோய், திருமண மறுப்பு, வேலை மறுப்பு எல்லாவற்றுக்கும் அஞ்சிப் பலர் வாயே திறக்கவில்லை. கேமரா காணாதது, காகிதம் அச்சிடாதது, வாய் பேசாதது எல்லாம் அந்த மனிதர்களின் தலைக்குள் மட்டுமே இருந்தது.

அந்த மௌனத்தில் ஒரு கீறல் விழுந்தது 1974-ல். இவாகிச்சி கோபயாஷி என்ற 77 வயது முதியவர், தான் வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் ஹிரோஷிமா நிலையத்துக்குப் போனார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்ததுதான் அவரைத் தூண்டியது. குண்டு விழுந்த நாளன்று மாலை நான்கு மணியளவில், யொரொசுயோ பாலத்தருகே அவர் கண்டதுதான் அந்தப் படம். ஓவியப் பயிற்சி இல்லாத ஒருவரின் படம் அது. நிலையத்தில் இருந்தவர்கள் அதன் பெறுமதியைப் புரிந்துகொண்டார்கள். உங்கள் நினைவில் இருப்பதை வரைந்து அனுப்புங்கள் என்று மக்களைக் கேட்டு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாக 2,200-க்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. 2002-ல் மீண்டும் ஓர் அழைப்பு விடுக்கப்பட்டு மேலும் பல வந்தன. இன்று ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட படங்கள் ஏறக்குறைய 5,000 இருக்கின்றன.

இவற்றை ஒருமுறையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். பென்சில், கிரேயான், நீர்வண்ணம், ஃபெல்ட் பேனா என்று கைக்குக் கிடைத்ததை வைத்து வரைந்திருக்கிறார்கள். காலண்டர் தாளிலும் விளம்பரத் துண்டறிக்கையின் பின்பக்கத்திலும் வரைந்தவர்கள் உண்டு. மனித உடலின் அளவுகள் சரியாக இருக்காது. கைகள் நீண்டிருக்கும், முகங்கள் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் தீயின் நிறத்தில் மட்டும் யாரும் அலட்சியம் காட்டியிருக்க மாட்டார்கள். சிவப்பின்மேல் சிவப்பாகத் தேய்த்திருப்பார்கள். பல படங்களில் வெற்றிடம் தெரியாத அளவுக்குக் கையெழுத்து நிறைந்திருக்கும். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பாலம், யார் கிடந்தார், என்ன சொன்னார். படம் போதாது என்று எழுத்தும், எழுத்து போதாது என்று படமுமாக ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

அவற்றில் ஒன்று என் மனத்தை விட்டு அகலவே மறுக்கிறது. உடல் முழுவதும் கரிந்துபோன ஒரு பெண். ஒரு கால் உயர்ந்திருக்கிறது, ஓட எத்தனித்த நிலையிலேயே உயிர் போயிருக்கிறது. இரண்டு கைகளுக்குள்ளும் கைக்குழந்தை. அதைப் பார்த்தபோது வரைந்தவருக்கு வயது 17. படமாக வரைந்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். இந்தப் பெண் யாராக இருப்பார் என்ற கேள்வியையும் கூடவே எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடுதான் அவர் சமைத்திருப்பார், பிள்ளை வளர்த்திருப்பார், பஸ் ஏறியிருப்பார்.

1962-ல் ஹிரோஷிமாவுக்குப் போய் உயிர்பிழைத்தவர்களிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்திய அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், இவர்களில் பலருக்கும் பொதுவான ஒன்றைக் கண்டார். ஆயிரக்கணக்கான கொடுமைகளைக் கண்டிருந்தாலும் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரே ஒரு காட்சி உறைந்து நிற்கிறது. பெரும்பாலும் அது தான் உதவாமல் விட்டுவந்த ஒருவரின் காட்சி. இடிபாட்டுக்குள்ளிருந்து கூப்பிட்ட குரல். தண்ணீர் கேட்டு நீண்ட கை. தீக்காயம் பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் இறந்துவிடுவார்கள் என்று அன்று சொல்லப்பட்டதால் கொடுக்காமல் போனவர்கள் ஏராளம். கொடுத்து, கண்முன்னே உயிர் பிரியக் கண்டவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே வாழ்நாள் முழுக்கத் தங்களைக் குற்றவாளிகளாக எண்ணிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 6 நினைவுச் சடங்கில் இறந்தவர்களுக்குத் தண்ணீர் படைப்பது அதனால்தான் ஒரு முக்கிய நிகழ்வாக இருக்கிறது. எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பழகிய நமக்கு இதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் படங்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கலை ஆறுதல் தருகிறது என்று பொதுவாகச் சொல்லும்போது ஏதோ மனம் இலேசாகி, வலி மறைந்துவிடுவதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. இங்கே வலி மறையவில்லை. கேட்டும் கொடுக்கப்படாத ஒன்று, முப்பது ஆண்டு கழித்து, ஒரு தாளின் மேல் கொடுக்கப்பட்டது. வரைந்தவருக்கு அதில் கிடைத்த நிம்மதி கடன் தீர்ந்த நிம்மதிகூட அல்ல. கடன் உண்டு என்பதை இன்னொருவர் கண்முன் ஒப்புக்கொண்ட நிம்மதி.

அந்த "இன்னொருவர்" இப்போது யார்? 1974-ல் வரைந்தவர்களுக்குக் கை உறுதியாக இருந்தது. இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர்களுக்குக் கை நடுங்குகிறது, கண் மங்குகிறது. இங்கேதான் ஹிரோஷிமா நகராட்சியின் மோட்டோமாச்சி மேல்நிலைப் பள்ளி வருகிறது. அதன் ஓவியப் பிரிவு மாணவர்கள் 2007 முதல், அருங்காட்சியகத்தின் முயற்சியில், உயிர்பிழைத்தவர்களின் நினைவுகளைக் கேட்டு எண்ணெய் வண்ணத்தில் வரைந்துவருகிறார்கள். இதுவரை 200-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாகியிருக்கின்றன. ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆகிறது.

அந்த ஓராண்டில் நடப்பதைக் கவனியுங்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை ஒரு முதியவரின் எதிரில் உட்கார்ந்து கேட்கிறது. அந்தச் சிறுமியின் சட்டை அரைக்கையா, முழுக்கையா? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? புகை கறுப்பா, பழுப்பா? நீங்கள் நின்ற இடத்திலிருந்து ஆறு எவ்வளவு தூரம்? சொற்பொழிவு மேடையில் பல பத்தாண்டுகளாகத் தன் கதையைச் சொல்லிவந்த ஒருவரிடம்கூட இவற்றை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "எங்கும் தீயாக இருந்தது" என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஓவியனுக்கு அது போதாது. மாணவர் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் தேடுகிறார். முன்வரைவைக் கொண்டுவந்து காட்டுகிறார். முதியவர் பார்த்துவிட்டு, இல்லை, இன்னும் சிவப்பு என்கிறார். அந்த முகம் இப்படி அமைதியாக இருக்கவில்லை என்கிறார். மாணவர் திரும்பிப் போய் மாற்றுகிறார். சில மாணவர்கள் அந்த வேலை மனத்தை அழுத்தியதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் முடித்துக்கொடுக்கிறார்கள். முடிந்த ஓவியம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. அந்த முதியவர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும்போது அதைத் திரையில் காட்டிப் பேசுகிறார்.

இதில் ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எண்பது ஆண்டுகளாக ஒரே ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை இப்போது இருவர் பார்க்கிறார்கள். தான் மறந்தாலும் அந்தப் பிள்ளை மறக்காது என்ற உறுதி, நினைவு நழுவத் தொடங்கிய மனிதருக்கு எந்த மருந்தும் தராத ஒன்று.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நினைவுகூரும்போது மூளை அந்த நினைவைப் புதிதாக எழுதி வைக்கக்கூடும். ஆண்டுக்கணக்கில் ஓர் ஓவியத்தைக் காட்டிப் பேசும் முதியவரின் நினைவில், ஆறு வயதில் கண்ட காட்சி எது, மாணவர் வரைந்த காட்சி எது என்ற கோடு அழிந்துபோகக்கூடும். மாணவர்களின் தேர்ந்த ஓவியங்களில் ஒளியும் நிழலும் ஒழுங்காக விழுகின்றன. 1974-ன் கிரேயான் படங்களில் அந்த ஒழுங்கு இல்லை. சாட்சியம் என்று பார்த்தால் நான் அந்தக் கோணல்மாணலான படங்களையே முன்னே வைப்பேன். எண்ணெய் ஓவியங்களின் மதிப்பு, அவை உருவாகும்போது இரண்டு தலைமுறைகளுக்கு நடுவே நடக்கும் உரையாடலில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது இரண்டுக்கும் செய்யும் அநியாயம்.

போரைக் கண்டவர் போரைத்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. சுமா மருகியின் வாழ்க்கை அதற்குச் சாட்சி. 1875-ல் ஹிரோஷிமா வட்டாரத்தில் பிறந்தவர். பள்ளிக்குப் போகாதவர், உழைத்தே வாழ்ந்தவர். குண்டு விழுந்தபோது வயது எழுபது. அதன்பிறகுதான் மருமகள் தோஷியின் தூண்டுதலில் தூரிகையைக் கையில் எடுத்தார். அந்த மருமகளும் மகன் இரியும் அணுகுண்டின் கொடுமையைப் பெரிய பெரிய திரைகளில் வரைந்து உலகப் புகழ் பெற்றவர்கள். 1950-ல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே பொருளில் உழைத்தவர்கள். கிழவியோ பூனையையும் பறவையையும் மீனையும் பூவையும் கொள்ளை வண்ணத்தில் வரைந்து தள்ளினார். அணுகுண்டைப் பற்றி அவர் வரைந்தவை மிகச் சிலவே. அதற்காக அவர் எதையும் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மனிதன் போடாமல் அந்தக் குண்டு விழாது, நிலச்சரிவு போன்றதல்ல அது என்று அவர் சொன்னது இன்றும் ஜப்பானில் எடுத்துச் சொல்லப்படுகிறது. தெளிவாகத் தெரிந்துகொண்டே பூனையை வரைந்தார். தன் வாழ்வில் பூக்கும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். 1956-ல் மறைவதற்குள் நூற்றுக்கணக்கான படங்களை விட்டுச்சென்றார்.

ஐரோப்பாவில் ஸோரான் மூஷிச் என்ற ஓவியர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார். நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமில் அடைபட்டிருந்தபோது ஒளிந்து ஒளிந்து பிணங்களை வரைந்தவர். விடுதலைக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் குதிரைகளும் வறண்ட குன்றுகளும் வரைந்துகொண்டிருந்துவிட்டு, 1970 வாக்கில் அந்தப் பிணங்களுக்கே திரும்பினார். ஹிரோஷிமாக்காரர்களுக்கும் ஏறத்தாழ அதே கால இடைவெளிதான் தேவைப்பட்டது.

இனி, நினைவு உண்மையிலேயே நோயாக மங்கும்போது என்ன ஆகிறது என்ற கேள்வி. அமெரிக்காவில் 55 வயதைக் கடந்த 1,81,093 முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஏழாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு இருந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கும் அது இல்லாதவர்களில் 6.6 விழுக்காட்டினருக்கும் டிமென்ஷியா எனும் மறதிநோய் வந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் போர் உடம்பைவிட்டுப் போவதில்லை என்ற எளிய மக்களின் அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது.

மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. அதனால் புதிய நினைவுகள் முதலில் உதிர்கின்றன, பழையவை கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாதாரணமாக இது ஒருவிதக் கருணை. பாட்டிக்கு நேற்றைய சாப்பாடு மறந்தாலும் பிறந்த ஊர்க் கிணறு நினைவிருக்கும். போரில் உயிர்பிழைத்தவருக்கோ இது கொடுமை. போருக்குப் பின் கட்டிய வாழ்க்கை, திருமணம், பிள்ளைகள், அமைதியான பத்தாண்டுகள் எல்லாம் கழன்று விழ, அடியில் கிடந்த அந்த ஆறு வயது நாள் மேலே வருகிறது. நாஜி முகாம்களிலிருந்து தப்பியவர்களைப் பராமரிக்கும் முதியோர் இல்லங்களில் இதைப் பல ஆண்டுகளாகவே கண்டிருக்கிறார்கள். குளியலறை ஷவர், சாப்பாட்டுக்கு வரிசை, சீருடை, உரத்த குரல் ஆகியவை பழைய பயத்தைக் கிளப்பிவிடுவதால், பராமரிப்பவர்களுக்கு அதற்கென்றே பயிற்சி தரப்படுகிறது.

இந்த நிலையில் தூரிகை என்ன செய்ய முடியும்? நோயின் வேகத்தைக் கலை குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அப்படி ஆசை காட்டுபவர்களை நம்ப வேண்டாம். ஆனால் கை பழகிய செயல்களைக் காக்கும் மூளை வழிகள், பெயர்களையும் தேதிகளையும் காக்கும் வழிகளைவிடத் தாமதமாகவே சிதைகின்றன. பேச்சு தடுமாறும் மனிதர் வண்ணம் தேய்க்க முடியும். இது எந்த நாள், இவர் யார் என்ற கேள்விகளுக்கு நாள்தோறும் தோற்றுக்கொண்டிருப்பவருக்கு, தவறான விடை என்ற ஒன்றே இல்லாத வேலை அது. அரைமணி நேரம் பதற்றம் தணிகிறது, மகளோ பேரனோ பக்கத்தில் உட்கார முடிகிறது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் பழைய படத்தை நீட்டி, இது நினைவிருக்கிறதா, அன்று என்ன நடந்தது என்று சோதிப்பது மட்டும் கூடாது. நினைவூட்டும் பொறுப்பு அந்தக் கட்டத்தில் முடிந்துபோனது. அப்போது சுமாவின் பூனைதான் பொருத்தம்.

பொறுப்பை ஏற்க வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். உயிர்பிழைத்தவர்களின் அனுபவத்தை அவர்களிடமே கற்று, அவர்கள் சார்பில் எடுத்துச் சொல்லும் தன்னார்வலர்களுக்கு ஹிரோஷிமா நகரம் 2012 முதல் பயிற்சி அளித்துவருகிறது. 2022 முதல் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் குடும்பத்தவர் கதையைச் சொல்லப் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் கையில் உள்ள வலுவான துணை இந்தப் படங்கள்தான். அருங்காட்சியகத்தின் இணையத் தரவுத்தளத்தில் அவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இடம், மணி, பார்த்தவரின் அன்றைய வயது எல்லாம் கூடவே தரப்பட்டிருக்கும். முதலில் அந்த வயதைப் படித்துவிட்டு, பிறகு படத்தைப் பாருங்கள்.